ரெக்கார்டை அழித்துத் தருகிறேன் என்பவரை நம்பாதீர்கள்

2017இல் ஊர்த் திருவிழாவில் நடந்த அடிதடியில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். சேலம் மத்திய சிறையில் 41 நாள் ரிமாண்ட். 2021இல் எங்கள் ஐந்து பேரையும் கோர்ட் விடுதலை செய்தது. அன்றோடு தலைமுழுகியாச்சு என்றுதான் நினைத்தேன்.

போன வருடம் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை அமைந்தது. போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்டார்கள். ஆன்லைனில் விண்ணப்பித்தேன். வந்த அறிக்கையில் வழக்கு எண், பிரிவுகள் எல்லாம் இருந்தன. விடுதலையானது மட்டும் இல்லை.

தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடையில் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். வக்கீல் ஆபீஸில் இருக்கிறாராம். எந்த வக்கீல் என்று கேட்கத் தோன்றவில்லை, என் புத்தி அப்படி. "ஹைகோர்ட்ல குவாஷ், அதாவது கேஸை ரத்து பண்ணச் சொல்லி மனு போட்டு ரெக்கார்டையே அழிச்சிடலாம் தம்பி, 35 ஆயிரம் ஆகும். ஸ்டேஷன் பக்கம் மட்டும் போயிடாத, பழசைக் கிளறுவாங்க" என்றார்.

கடைசியில் சொன்னாரே, அதில்தான் விழுந்தேன். உள்ளே இருந்து வந்தவன் காக்கிச் சட்டையைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான். அது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அம்மாவின் தோட்டை அடகு வைத்துக் கொடுத்தேன். ரசீது கேட்டதற்குச் சிரித்தார். மூன்று வாரத்தில் 'வழக்கு ஏதுமில்லை' என்று கலர் பிரிண்டில் ஒரு சான்று வந்தது. கம்பெனியில் எண்ணைப் போட்டுப் பார்த்தார்கள், அப்படி ஒன்றே இல்லை. வேலை போனதோடு விட்டார்கள். போலிச் சான்று கொடுத்தான் என்று புகார் செய்திருந்தால்? செய்யாததற்கு 41 நாள் இருந்தவன், இந்த முறை செய்ததற்கே போயிருப்பேன்.

அப்புறம்தான் தடங்கம் கோர்ட் வளாகத்தில் இலவசச் சட்ட உதவி கேட்டுப் போனேன். அங்கிருந்த வக்கீல் அக்கா, "குவாஷ்ங்கறது நடக்கிற கேஸுக்கு. உன்னோடது முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு, எதை ரத்து பண்றது?" என்றார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482, அதற்குப் பதில் வந்த புதுச் சட்டத்தில் (BNSS) 528ஆம் பிரிவு, அதற்குத்தானாம். தண்டனை பெற்றவர்களுக்கும், இத்தனை வருடம் கழித்துப் பதிவு தானாக அழியும் என்று பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. 18 வயதுக்குள் நடந்ததற்கு மட்டும் 2015ஆம் வருடச் சிறார் நீதிச் சட்டத்தில் வழி உண்டு, அதிலும் விலக்குகள் இருக்கின்றன.

எனக்குத் தேவைப்பட்டது தீர்ப்பின் சான்றிட்ட நகல் ஒன்றுதான். மனு போட்டேன், 12 நாளில் கிடைத்தது. ஆன செலவு ஓசூருக்குப் போய்வரும் பஸ் காசுகூட இல்லை. அதை வைத்து எஸ்.பி. ஆபீஸிலும், எந்த இடத்துக்குப் போகாதே என்று ஜெராக்ஸ் கடை ஆள் சொன்னாரோ அந்த ஸ்டேஷனிலும் மனு கொடுத்தேன். யாரும் எதையும் கிளறவில்லை. அடுத்த அறிக்கையில் 'விடுதலை' என்று இருந்தது. இப்போது ஒரு சின்ன லேத் பட்டறையில் இருக்கிறேன். முதலாளி தீர்ப்பை வாங்கிப் படித்துவிட்டுத்தான் சேர்த்தார்.

பணம் வாங்கிய ஆளின் போன் ஸ்விட்ச் ஆஃப். போலிச் சான்றை நான் நீட்டியதையும் மறைக்காமல் எழுதிப் புகார் கொடுத்திருக்கிறேன். தோடு இன்னும் அடகுக் கடையில்தான். சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம், காசு கிடையாது.