சார்ல்ஸ்டன் வெடிமருந்துக் கிடங்கு: ஓர் அறை அருங்காட்சியகம்

அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்துத் துறைமுக நகரான சார்ல்ஸ்டனில், கம்பர்லண்ட் தெருவிலுள்ள பழைய வெடிமருந்துக் கிடங்கு இன்று அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறது. உள்ளே இருப்பது ஒரே ஓர் அறைதான். பெரிய சேகரிப்பை எதிர்பார்த்து வருபவர்கள் விரைவிலேயே வெளியே வந்து, நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த பணத்தைக் கணக்குப் பார்க்கக்கூடும். காட்சிப் பொருள்களைவிடச் சுவரையும் கூரையையும் பார்ப்பதில் ஆர்வமுள்ளவர்களுக்கோ, இந்த நகரில் இதைவிட நல்ல இடம் அதிகமில்லை என்பது என் கருத்து.

மதில் சூழ்ந்த குடியேற்ற நகரத்துக்கு ஒரு மருந்துக் கிடங்கு வேண்டும் என்று 1703இல் சட்டம் இயற்றப்பட்டது. கட்டடம் முடிந்தது 1713இல். இடையில், 1706இல், பிரெஞ்சு, ஸ்பானியப் படைகள் சேர்ந்து நகரைத் தாக்கியிருந்தன. வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த அந்த மருந்து ஈரம் ஏறினால் பயனற்றுப்போகும், ஒரு பொறி பட்டாலோ அக்கம்பக்கத்தையே தரைமட்டமாக்கும். கட்டடத்தின் அமைப்பு முழுவதும் இந்த இரண்டு அச்சங்களிலிருந்தே பிறந்திருக்கிறது. சுவர்கள் சுமார் 32 அங்குலப் பருமன். அவற்றின் மேல் எழும் செங்கல் வளைவுகள் உச்சியை நெருங்க நெருங்க மெலிந்துகொண்டே போகின்றன. மருந்து வெடித்தால் அதன் விசை பக்கத்து வீடுகளின்மேல் பாயாமல் மேல்நோக்கிப் போகட்டும் என்பது கட்டியவர்களின் திட்டம். நல்லவேளையாக, அது சரிதானா என்று சோதித்துப் பார்க்கும் நிலை ஒருபோதும் வரவில்லை.

வருவதற்கு மிக அருகில் சென்ற ஆண்டு 1780. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் படை நகரை முற்றுகையிட்டிருந்தபோது, 13 அங்குலக் குண்டு ஒன்று இந்தக் கிடங்கிலிருந்து பத்து கஜத்துக்குள் விழுந்து வெடித்தது. அமெரிக்கப் படைத்தலைவர் வில்லியம் மோல்ட்ரி உடனடியாக மருந்தை இங்கிருந்து எடுத்து, துறைமுகத்தையொட்டிய எக்ஸ்சேஞ்ச் என்னும் வணிகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வைத்துச் செங்கல் சுவர் எழுப்பி மறைக்கச் செய்தார். மறைக்கப்பட்டது 10,000 பவுண்டு மருந்து. மே மாதம் நகரம் சரணடைந்தது. 1782 டிசம்பர்வரை நகரை ஆண்ட பிரிட்டிஷார், அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தைச் சிறையாகப் பயன்படுத்தியும், அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே இல்லை. இந்த நிகழ்ச்சிக்காகவே இங்கு வரலாம் என்பேன்.

மருந்து நீங்கிய பிறகு கட்டடம் தனியார் வசம் போனது. மனிகோ குடும்பத்தார் இதில் மது வைத்திருந்தார்கள். பின்னர் குதிரை லாயமாகவும் அச்சகமாகவும்கூட இருந்திருக்கிறது. இந்தக் காலத்தை வரலாற்றின் இடைவெளியாகக் கடந்துபோவது வழக்கம். எனக்கு அது சரியாகப் படவில்லை. யாருக்கோ ஏதோ ஒரு வகையில் பயன்பட்டுக்கொண்டிருந்ததால்தான் இடிக்கப்படாமல் 1902வரை நின்றது. அந்த ஆண்டு காலனியல் டேம்ஸ் என்னும் பெண்கள் அமைப்பின் தென் கரோலைனா கிளை இதை விலைக்கு வாங்கிக் காப்பாற்றியது. 1989இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி கிடைத்தது. 1990களில் ஹிஸ்டாரிக் சார்ல்ஸ்டன் பவுண்டேஷன் விரிவான ஆய்வும் சீரமைப்பும் செய்தது.

இத்தகைய கட்டடங்களுக்கு இப்போது நெருப்பைவிட ஈரமே பெரிய பகை. சார்ல்ஸ்டன் தாழ்வான கடலோர நகரம். காற்றில் ஈரமும் உப்பும் எப்போதும் உண்டு. பழைய மென்செங்கல் உறிஞ்சும் நீர் சுண்ணாம்புச் சாந்தின் வழியே வெளியேற வேண்டும். பலப்படுத்துவதாக எண்ணிச் சிமெண்டைப் பூசினால் நீர் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லின் முகம் உதிரத் தொடங்கும். உள்ளே நிற்கும்போது சாந்து இணைப்புகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பாதுகாப்புப் பணி என்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்பது விளக்கப் பலகைகளைவிட அவற்றில் நன்றாகத் தெரியும்.

சிறு குழந்தைகளுக்கு இங்கு நெடுநேரம் பொழுதுபோகாது. மற்றவர்கள் இதை எக்ஸ்சேஞ்சோடு சேர்த்து ஒரே நாளில் பார்ப்பது நல்லது. அது நடந்தே போகக்கூடிய தொலைவில், பிராட் தெருவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. முதலில் கிடங்கு, பிறகு எக்ஸ்சேஞ்ச் என்ற வரிசையில் போனால் 1780இல் மருந்து இடம்மாறிய திசையிலேயே நீங்களும் போவீர்கள்.