மீன் தோலில் கொலாஜன்: யாழ்ப்பாண வெக்கைக்கு எந்த வழி சரிவரும்?

யாழ்ப்பாணத்துப் பாசையூரிலோ குருநகரிலோ கிளாத்தி மீன் வாங்கினால் தோலை உரித்துத்தான் தருவார்கள். அந்தத் தோல் செருப்புத் தோல் மாதிரி; எவ்வளவு அவித்தாலும் பல்லுக்குப் பிடிபடாது. உரித்ததும் அது நேரே குப்பைக்குப் போகிறது. இன்னொரு பக்கம், மீன் தோலில் எடுத்த கொலாஜன் என்ற புரதத் தூள் அழகான ரின்னில் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிறது. இதைப் பார்க்கிற எவருக்கும், "இதை இங்கேயே செய்யேலாதா?" என்று கேட்கத்தான் தோன்றும்.

செய்யலாம். ஆனால் எதைச் செய்யப்போகிறோம் என்பதில்தான் சிக்கல். மீன் தோலில் இருந்து மூன்று வெவ்வேறு சாமான்கள் எடுக்கலாம். பேச்சில் மூன்றுக்கும் கொலாஜன் என்ற ஒரே பெயர்தான். வேலையும் செலவும் சந்தையும் மூன்றுக்கும் வேறு வேறு.

கொலாஜன் என்பது மூன்று புரத இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்ட அமைப்பு. இந்த மூவிழை அமைப்பை 1954இல் முன்வைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அவர்கள் ஆராய்ந்தது கங்காருவின் வால் நாணை. சரி, விஷயத்துக்கு வருவோம். முறுக்கு குலையாமல் எடுத்தால் அது அசல் கொலாஜன். சூட்டில் முறுக்கு அவிழ்ந்தால் ஜெலற்றின். அவிழ்ந்த இழையை நொதியத்தால் (என்சைம்) துண்டு துண்டாக வெட்டினால் பெப்ரைட்டு. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

முதலில் அசல் கொலாஜன். புத்தகத்தில் முறை எளிது. தோலைக் கோஸ்ரிக் சோடாவின் மெல்லிய கரைசலில் ஊறவைத்து வேறு புரதங்களைக் கழற்றவேண்டும், கொழுப்பை அகற்றவேண்டும், பிறகு 3 வீத அசற்றிக் அமிலத்தில் இரண்டு மூன்று நாள் விடவேண்டும். கரைந்து வந்ததை உப்புப் போட்டுத் திரளச்செய்து, சவ்வுப் பையில் கழுவி, உறையவைத்து உலர்த்தவேண்டும். பெப்சின் என்ற நொதியம் சேர்த்தால் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் கடையில் வாங்கும் பெப்சின் பெரும்பாலும் பன்றி இரைப்பையிலிருந்து எடுத்தது. ஹலால் பார்ப்பவர்களுக்கு விற்க நினைத்தால் அங்கேயே கதை முடிந்தது.

அதைவிடப் பெரிய தடை வெக்கை. குளிர்கடல் கொட் மீனின் கொலாஜன் 15 பாகை செல்சியஸை ஒட்டியே முறுக்கு அவிழ்ந்துவிடும். வெப்பக் கடல் மீனுடையது 30 பாகையை ஒட்டித் தாங்கும். மாட்டினுடையதும் பன்றியினுடையதும் 40க்குக் கிட்டப் போகும். நம் சித்திரை, வைகாசி வெயிலில் கொட்டிலுக்குள்ளேயே 30 தாண்டும். ஆகவே தொடக்கம் முதல் முடிவு வரை எல்லாம் 4 பாகையில் நடக்கவேண்டும். ஒரு இரவு கறன்ட் நின்று ஜெனரேற்றரும் கைவிட்டால், காலையில் தொட்டிக்குள் கிடப்பது ஜெலற்றின்தான்.

இதைத் தொட ஆசைப்படுகிறவர்கள் காட்டும் உதாரணம் மருத்துவம். ஐஸ்லாந்தின் கெரிசிஸ் நிறுவனம் கொட் தோலில் செய்த புண் மூடிக்கு 2013இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. 2023இல் டென்மார்க்கின் கொலோபிளாஸ்ற் அந்த நிறுவனத்தையே வாங்கியது. பிரேசிலின் ஃபோர்த்தலேசாவில் தீக்காயத்துக்குத் திலாப்பியாத் தோல் போட்டுப் பார்த்தார்கள். இரண்டும் உண்மை. ஆனால் இரண்டிலும் பயன்பட்டது பதப்படுத்திய முழுத் தோல். பிரித்தெடுத்த கொலாஜன் அல்ல. கிருமி நீக்கமும் மருத்துவப் பரிசோதனையும் இல்லாமல் அந்தப் பக்கம் போகவே முடியாது. என் கணக்கில் இந்த வழி பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குரியது. மீனவர் சங்கக் கட்டடத்தில் தொடங்கும் சிறுதொழிலுக்கு வேண்டாம்.

ஜெலற்றினுக்கு வெக்கை பகையில்லை. கழுவிய தோலை மெல்லிய அமிலத்தில் ஊறவிட்டால் கொஞ்ச நேரத்தில் அது பருத்து, கண்ணாடி போல ஊடு தெரியும். கையில் பிடித்தால் வழுக்கும். நன்றாக அலசி அமிலத்தைக் கழித்து, 50, 60 பாகைத் தண்ணீரில் சில மணி நேரம் வைத்து வடிகட்டினால் வேலை பெரும்பாலும் முடிந்தது. கொதிக்கவிடக் கூடாது, விட்டால் உறையும் பலம் போய்விடும். வடித்ததைத் தட்டில் மெல்லியதாக ஊற்றிக் குளிரவைத்து உலர்த்தினால் தாளாக உரிந்து வரும். மீனையும் முறையையும் பொறுத்து ஈரத்தோல் எடையில் 6 முதல் 19 வீதம் வரை கிடைக்கும். கடை வினாகிரியிலேயே 4 வீதம் அளவில் அசற்றிக் அமிலம் இருப்பதால், பரீட்சித்துப் பார்க்க அதுவே போதும். ஒடியற்கூழுக்குள் மீன்தலையைப் போட்டு அவிக்கும்போது நடப்பதும் இதுதான். ஆறியதும் கூழ் இறுகுவதில் அந்தத் தலைக்கும் பங்குண்டு.

குறை என்னவென்றால், மீன் ஜெலற்றின் மாட்டு ஜெலற்றினைவிடக் குறைந்த சூட்டில் உருகும். வெப்பக் கடல் மீனுடையதே 25 பாகையை ஒட்டி இளகத் தொடங்கும். புடிங் செய்தால் குளிர்ப்பெட்டியை விட்டு வெளியே வைக்கமுடியாது. யோகட்டை இறுக்கச் சேர்த்தால் அது பிரச்சினையில்லை, யோகட் எப்படியும் குளிரில்தான் இருக்கிறது. மாட்டு ஜெலற்றின் வேண்டாம் என்கிற சைவ சமயக் குடும்பங்களில் மீன் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். பன்றி ஜெலற்றின் முஸ்லிம்களுக்கு ஆகாது. இந்த இரு பக்கத்துக்கும் பொதுவாகச் சரிவரும் சாமான் இது.

மூன்றாவது பெப்ரைட்டு. ஜெலற்றின் கரைசலுக்குள் நொதியம் விட்டு, சில மணி நேரம் சூட்டில் வைத்து, பிறகு 90 பாகைக்கு ஏற்றி நொதியத்தைச் செயலிழக்கச் செய்து, வடிகட்டி உலர்த்துவது. ரின்னில் வருகிற தூள் இதுதான். குளிர்ந்த தண்ணீரிலும் கரையும். பப்பாசிக்காய்ப் பாலில் உள்ள பப்பெயின் இதற்கு உதவும் என்றதும், "பப்பாசி வளவிலேயே நிற்கிறதே" என்று சிலர் துள்ளுவார்கள். பாலின் வீரியம் காய்க்குக் காய் மாறும். வெட்டு அதிகமானால் கசக்கும். அளந்து தரப்பட்ட பப்பெயினை வாங்குவதே புத்தி. உலர்த்தும் இயந்திரம்தான் பெரிய செலவு, அதோடு தூள் ஈரத்தை இழுக்கும். மாரியில் மூடி சரியாக மூடாத போத்தலுக்குள் கட்டிபட்டுவிடும். மீன் வெடில் போக்குவது இன்னொரு தலையிடி; கொழுப்பைத் தொடக்கத்திலேயே எடுக்காவிட்டால் பிறகு எந்தக் கரி வடிகட்டியும் காப்பாற்றாது.

எந்த வழியானாலும் தோல் ஒன்றுதானே என்று நினைக்கவேண்டாம். திருக்கையும் சுறாவும் மலிவாகக் கிடைத்தாலும் அவற்றின் உடலில் யூரியா அதிகம். பழுதாகத் தொடங்கினால் அமோனியா மணம் தூக்கும். தோலில் முள்ளும் சொரசொரப்பும் வேறு. நீள்வால் சுறாவைப் பிடிக்க 2012 முதல் இலங்கையில் தடை உண்டு. கிளாத்தி, அறக்குளா, பாரை போதும். குடலோடு கலந்த தோலைக் குடலின் நொதியங்களே தின்னத் தொடங்கிவிடும் என்பதால், வெட்டுகிறவரிடம் தனிப் பாத்திரமும் ஐசும் கொடுத்து, கிலோவுக்குக் காசு பேசிக்கொள்ளவேண்டும்.

இனி, தோல் அழகுக்கென்று வாங்குகிறவர் இதைப் பூசுவதா, குடிப்பதா? பூசினால் உள்ளே போகாது. நம் தோலை ஊடுருவும் மூலக்கூறு 500 டால்ரனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) கீழே இருக்கவேண்டும் என்பது 2000இல் போஸ், மெய்னார்டி என்ற இருவர் எழுதிய விதி. அசல் கொலாஜன் 3 இலட்சம் டால்ரன். பெப்ரைட்டுகூடப் பெரும்பாலும் சில ஆயிரம். கிறீமில் இருக்கும் கொலாஜன் மேலே படலமாக நின்று ஈரத்தைப் பிடித்துவைக்கும், நல்லதுதான், ஆனால் சுருக்கத்தை நிரப்பாது. குடிக்கிற பக்கம், நாளுக்கு 2.5 முதல் 10 கிராம் வரை 8, 12 வாரம் கொடுத்துச் செய்த சோதனைகள் பல, தோலின் ஈரமும் இழுவையும் கொஞ்சம் கூடியதாகச் சொல்கின்றன. ஆனால் 2025இல் 23 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், கம்பனிப் பணம் படாத சோதனைகளை மட்டும் தனியே எடுத்தபோது பயன் தெரியவில்லை. நானென்றால் பக்கற்றில் "புரதம்" என்று மட்டும் போடுவேன். உடல் தானே கொலாஜன் கட்டுவதற்கு விற்றமின் சி வேண்டும், அதற்குக் கொய்யாப்பழம் இருக்கிறது.

முடிவாகத் தொடங்குவதென்றால் ஜெலற்றினில் தொடங்குங்கள். வாங்குகிறவர் நிலையானதும் அதே தொட்டியில் நொதியம் விட்டுப் பெப்ரைட்டுக்குப் போகலாம். "மீனிலிருந்து செய்தது" என்று முன்பக்கத்தில் பெரிதாகப் போடவேண்டும், மீன் ஒவ்வாமை உள்ளவருக்காக மட்டுமல்ல. நல்லூரில் கொடியேறினால் 25 நாளும் மச்சம் (மீன், இறைச்சி) தொடாத வீடுகள் இங்கே அதிகம். அந்த நாட்களில் யோகட்டுக்குள் இருந்தாலும் இதுவும் மச்சம்தான். மீன் விற்பனையும் அப்போது படுத்துவிடும், தோலும் குறையும். தொட்டி கழுவவும் இயந்திரம் திருத்தவும் அந்த மாதத்தை ஒதுக்கிவிடலாம்.