எஸ்.பி. ரோடு யூ.எஸ்.பி. பிளாப்பி டிரைவ்: வாங்கலாமா?

பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான எஸ்.பி. ரோட்டில் வாங்கும் 3.5 இன்ச் யூ.எஸ்.பி. பிளாப்பி டிரைவ், பழைய 1.44 எம்.பி. டிஸ்க்குகளைக் காப்பி எடுக்கப் போதும். ஆப்பிளின் 800 கே.பி. டிஸ்க்கைப் படிக்காது. காசு கொடுக்குமுன் உங்கள் டிஸ்க்கையே போட்டுப் பாருங்கள்.

படிக்கவில்லையா? டிரைவைக் குறை சொல்லுமுன் டிஸ்க்கின் நகரும் மூடியான ஷட்டரை விலக்கிப் பாருங்கள். படலத்தில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. அது டிரைவுக்குள் டிஸ்க்கைப் படிக்கும் பாகமான ஹெட்டில் அப்பிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல டிஸ்க்கையும் வட்டமாகக் கீறிவிடும். பாவம், உள்ளே இருப்பது யாருடைய கல்யாணப் பத்திரிகையோ!

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஹெட்டை மெல்லத் துடையுங்கள். மேல் ஹெட்டை அதிகம் தூக்கினால் அதைத் தாங்கும் மெல்லிய தகடு வளையும். அப்புறம் டிரைவ் தேறாது. துடைத்த பிறகும் ஒரே டிஸ்க் மட்டும் திணறினால் கோளாறு டிஸ்க்கில்தான்.