எவர்சில்வர் பாட்டிலில் படம்: சப்ளிமேஷனா, லேசரா, யூவியா?

கடைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது, "அண்ணா, கலர்ல வருமா?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "இதை வீட்டில யாரு, எதை வச்சுக் கழுவுவாங்க?" என்று. பலருக்கு அது சம்பந்தமில்லாத கேள்வியாகப் படும். ஆனால் பாட்டிலோ டம்ளரோ டிபன் பாக்ஸோ, எந்த முறையில் படம் போடலாம் என்பதை அந்தப் பதிலை வைத்துத்தான் சொல்ல முடியும். கடையில் கையில் வாங்கும்போது எல்லாமே அழகாகத்தான் இருக்கும். ஆறு மாதம் கம்பி நாரில் தேய்பட்ட பிறகும் அழகு மிச்சமிருக்கிறதா என்பதுதான் கணக்கு.

சப்ளிமேஷனில் இருந்து தொடங்குகிறேன், அதிகம் பேர் கேட்டு வருவது அதைத்தான். டப்பாவில் போட்டு வைத்த கற்பூரம் உருகாமலே குறைந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். சப்ளிமேஷனில் படம் பிரிண்ட் எடுக்கும் சாயமும் அப்படித்தான். சூடு ஏறியதும் திரவமாகாமல் நேரே ஆவியாகிவிடும். பாட்டிலின் மேல் உள்ள பாலியெஸ்டர் பூச்சு அந்தச் சூட்டில் இளகி ஆவியை உள்ளே வாங்கிக்கொள்ளும், ஆறியதும் மூடிக்கொள்ளும். அதனால் படம் பூச்சின் மேல் ஒட்டியிருக்காது, பூச்சுக்குள்ளேயே இருக்கும். நகத்தால் வருடினால் விளிம்பு எதுவும் தட்டுப்படாது.

வேலை இவ்வளவுதான்: படத்தை இடவலம் மாற்றி சப்ளிமேஷன் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, பாட்டிலைச் சுற்றி இறுக்கி, சூடு தாங்கும் டேப் ஒட்டி, 180 முதல் 200 டிகிரி வரை சில நிமிடங்கள் சூடாக்க வேண்டும். நேரான உருளை என்றால், சுற்றிப் பிடித்து அழுத்திச் சூடாக்கும் பாட்டில் பிரஸ் போதும். அடியில் குறுகி மேலே அகன்ற டம்ளர் என்றால் பிரஸ் சமமாக அழுத்தாது. அதற்கு, சூட்டில் சுருங்கி இறுகும் ஷ்ரிங்க் உறை மாட்டி ஓவனில் வைப்பதுதான் சரி. பேப்பரில் படம் மங்கலாக, சாயம் போன துணி மாதிரி இருக்கும். முதன்முதலில் பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். சூடு ஆறுவதற்குள் பேப்பரை உரிக்கும்போது அடியில் இருந்து சிவப்பும் நீலமும் பளிச்சென்று வரும். எத்தனையோ முறை செய்தும் அந்த நொடியில் வேறு பக்கம் திரும்ப எனக்கு மனம் வருவதில்லை.

இனி அதன் எல்லைகள். வெறும் எவர்சில்வரில் இது பிடிக்கவே பிடிக்காது, பித்தளையிலும் அப்படியே. அதற்கென்றே பூச்சு போட்ட பாட்டில் வேண்டும். சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது, எனவே அடிநிறம் வெள்ளையாக இருக்க வேண்டும். வெள்ளிநிறப் பூச்சில் போட்டால் படத்தில் வெள்ளைச் சட்டை வெள்ளிச் சட்டையாகிவிடும். கறுப்பு பாட்டிலில் ஒன்றுமே தெரியாது. ஒருமுறை மொத்த வியாபாரி ஒருவர் "சப்ளிமேஷன் கோட்டிங்" என்று சொல்லிக் கொடுத்த பாட்டில்களை வாங்கினேன். உண்மையில் அது சாதாரண பெயின்ட். முதல் பாட்டிலில் பேப்பர் ஒட்டிக்கொண்டு கிழிந்தது, படம் புகை மாதிரி வந்தது. மறுநாள் கொடுக்க வேண்டிய ஆர்டர், கைவசம் வேறு சரக்கு இல்லை. அன்றிலிருந்து எந்தப் பெட்டி வந்தாலும் ஒன்றைப் போட்டுப் பார்க்காமல் மற்றவற்றைத் தொடுவதில்லை.

பிழை எங்கே என்று படமே சொல்லிவிடும். கறுப்பு, காப்பிப்பொடி நிறத்துக்குத் திரும்பியிருந்தால் சூடு அதிகம். நிறம் ஏறாமல் வெளிறியிருந்தால் சூடோ நேரமோ போதவில்லை. எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழுந்திருந்தால் பேப்பர் நகர்ந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பேப்பர் ஈரம் இழுத்துக்கொள்ளும், படம் திட்டுத் திட்டாக வரும். அந்த மாதங்களில் பேப்பரைச் சற்று சூடுகாட்டி ஈரம் போக்கிய பிறகே பாட்டிலில் சுற்றுவேன். மூடியையும் ரப்பர் வளையத்தையும் கழற்றாமல் ஓவனில் வைத்துவிடாதீர்கள்.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் பூச்சு கீறினால் படமும் கீறும். மெல்லிய ஸ்பாஞ்சும் சோப்புத் தண்ணீரும் என்றால் நன்றாகவே உழைக்கும். கம்பி நாரும் சபீனாவும் என்றால் தாங்காது. தினமும் வெயிலில் காய்ந்தாலும் நிறம் மெல்ல இறங்கும்.

லேசரின் குணமே வேறு. ஃபைபர் லேசர் கலர் பூச்சை எரித்து நீக்கி, அடியில் இருக்கும் எவர்சில்வரை வெளியே கொண்டுவரும். கருநீல பாட்டிலில் வெள்ளியாய் ஒரு பெயர் எழும்போது அதன் கம்பீரமே தனி. பூச்சில்லாத வெறும் ஸ்டீலிலும் கருமையாக எழுத்துப் போட முடியும். ஆனால் அங்கே சூடு மிஞ்சினால், துரு அண்டாமல் காக்கும் மேற்படலம் கெட்டு, பிற்பாடு எழுத்தோரம் பழுப்பு தட்டும். சக்தியை அளவாக வைக்கத் தெரிந்த கையாக இருக்க வேண்டும். குழந்தையின் கலர் போட்டோ லேசரில் கிடைக்காது. கோட்டோவியம், பெயர், லோகோ என்றால் என் ஓட்டு லேசருக்குத்தான். தேய்த்துக் கழுவுகிற வீட்டுக்கு இதைவிட நல்லது இல்லை.

யூவி பிரிண்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. வெள்ளை மை உண்டு, எந்த நிறப் பாட்டிலிலும் போடலாம், படம் லேசாகப் புடைத்துக்கொண்டு கண்ணைப் பறிக்கும். யூவி, அதாவது புற ஊதா ஒளியில் மை உடனே இறுகிவிடுவதால் ஓவன் வேலையும் இல்லை. ஆனால் அந்த மை மேலேதான் உட்கார்ந்திருக்கிறது. வழவழப்பான உலோகத்தில், மை பிடிப்பதற்காக முதலில் பூசும் பிரைமர் போடாமல் அடித்துக் கொடுத்தால் நகத்தாலேயே பெயர்க்கலாம். யூவி டிடிஎஃப் என்று இப்போது பரவியிருப்பது இன்னும் சுலபம்: ஃபிலிமில் இருந்து எடுத்து ஒட்ட வேண்டியதுதான். விளிம்பு தூக்க ஆரம்பித்தால் குழந்தைகள் மிச்சத்தை உரித்து முடித்துவிடுவார்கள். மேஜையில் இருக்கும் பேனா ஸ்டாண்டுக்குச் சரி, சிங்க்கில் விழும் பாத்திரத்துக்கு நான் போட்டுத் தருவதில்லை.

ஒரே லோகோ, ஒரே நிறம், இருநூறு பாட்டில் என்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் கட்டுப்படியாகும். ஐந்து பாட்டிலில் ஐந்து வேறு படம் என்றால் அதை நினைக்கவே வேண்டாம், ஒவ்வொரு படத்துக்கும் ஒரு ஸ்கிரீன் கட்ட வேண்டும். தாம்பூலத்தோடு தரும் சின்ன டப்பாக்களுக்கு இன்னொரு வழி உண்டு. பூச்சு போட்ட அலுமினியத் தகட்டில் சப்ளிமேஷன் எடுத்து மூடி மேல் பதித்துவிடலாம். டப்பாவைச் சூடாக்கும் தொல்லை இல்லை.

பாத்திரக் கடை வாசலில் கிர்ர்ரென்று பேர் வெட்டிக் கொடுப்பார்களே, அதை இந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட எனக்கு மனமில்லை. எங்கள் வீட்டுப் பித்தளைக் குடத்தில் பாட்டியின் பெயர் புள்ளி புள்ளியாக இன்னும் இருக்கிறது. புளி போட்டுத் தேய்க்காத வாரமில்லை, ஒரு புள்ளியும் போகவில்லை. சீர்வரிசைப் பாத்திரத்தில் பெயர் போட வேண்டும் என்று கேட்டு வருபவர்களை இன்றும் அவர்களிடமே அனுப்புகிறேன்.

சென்ற ஜூனில் ஓர் அக்கா பள்ளிக்கூட பாட்டிலோடு திரும்பி வந்தார். வருஷ ஆரம்பத்தில் நான் போட்டுக் கொடுத்த டைனோசரின் வயிறு தேய்ந்து வெள்ளையாகியிருந்தது. பக்கத்திலேயே இருந்த பையனின் பெயரும் பாதி காணோம். "படம் போனா போகுது தம்பி, பேர் போனதாலதான் பாட்டில் ரெண்டு தடவை மாறிப்போச்சு" என்றார். புது பாட்டிலில் டைனோசரைச் சப்ளிமேஷனில் சுற்றிவிட்டு, அடிப்பக்கம் பெயரை மட்டும் லேசரில் பூச்சை நீக்கி ஸ்டீலிலேயே தெரியும்படி எழுதிக் கொடுத்தேன். வகுப்பையும் போடச் சொன்னார். வேண்டாம் அக்கா, அது அடுத்த ஜூனில் மாறிவிடும் என்றேன்.