தில்லியில் 'ஆராய்ச்சி ஃபெலோஷிப்' கடிதம் வந்தால் பணம் கட்டாதீர்கள்

எம்பிஎச், எம்டி கம்யூனிட்டி மெடிசின், பிடிஎஸ், நர்சிங் முடித்துவிட்டு கௌதம் நகரிலும் முனிர்காவிலும் அறை எடுத்து ஆராய்ச்சி வேலை தேடும் தமிழ்ப் பிள்ளைகளைக் குறிவைத்து ஒரு மோசடி நடக்கிறது. அதில் ஏமாந்த ஒரு பெண்ணுக்கு வந்த கடிதங்களையும் அவர் கட்டிய ரசீதுகளையும் முன்னால் வைத்துக்கொண்டு, அவர் சம்மதத்தோடு இதை எழுதுகிறோம்.

காசநோய் கள ஆய்வுக்கு 'ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ' தேவை, மாதம் 65,000 ரூபாய் என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தது. கூகுள் மீட்டில் கால் மணி நேரம் பேசினார்கள். அன்று மாலையே அசோகச் சின்னம் போட்ட தேர்வுக் கடிதம் வந்துவிட்டது. அடுத்து, திருப்பித் தருவதாகச் சொல்லி 12,500 ரூபாய் டெபாசிட். அதன் பிறகு எத்திக்ஸ் கமிட்டி (ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு) கட்டணம், சிடிஆர்ஐ (மருத்துவ ஆய்வுகளைப் பதியும் இந்தியப் பதிவேடு) பதிவுக் கட்டணம், கடைசியில் ஜிஎஸ்டி. எல்லாமே ஒரு தனிநபரின் யுபிஐக்குத்தான் போயிருக்கிறது. அசல் சான்றிதழ்களையும் கூரியரில் வாங்கிக்கொண்டார்கள். அதன்பின் அந்த எண் வேலை செய்யவில்லை.

அந்தக் கடிதத்தில் பொய் வரிக்கு வரி தெரிகிறது. மத்திய அரசு நிதியில் வரும் ஜேஆர்எஃப் (ஜூனியர் ரிசர்ச் ஃபெலோ) தொகை 2023 ஜனவரி 1 முதல் மாதம் 37,000 ரூபாய், அதற்கு அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் (சீனியர் ரிசர்ச் ஃபெலோ) 42,000. வீட்டு வாடகைப்படி தனி. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ரிசர்ச் அசோசியேட் பதவிக்கே 58,000 முதல் 67,000 வரைதான். தேசியத் தகுதித் தேர்வு எதுவும் கேட்காமல் ஜேஆர்எஃப் என்ற பெயரில் 65,000 என்றால், அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

சிடிஆர்ஐயில் ஆய்வைப் பதிவு செய்யக் கட்டணமே கிடையாது. பதிவு செய்ய வேண்டியவரும் ஆய்வை நடத்துபவர்தான், ஃபெலோ அல்ல. எத்திக்ஸ் கமிட்டிக்குக் கட்டணம் இருந்தாலும் அது திட்டத்தின் கணக்கில் போகும். வரி பிடித்தம் இருந்தால் தருகிற தொகையில் கழித்து உங்கள் பான் எண்ணில் காட்டுவார்கள்; முன்கூட்டிக் கட்டச் சொல்லும் வழக்கம் இல்லை. தேர்வு எழுத விண்ணப்பக் கட்டணம் உண்டு, அதை அதிகாரப்பூர்வ தளத்தில் தேர்வுக்கு முன்னால் கட்டுவோம். தேர்வான பிறகு பணம் கேட்டால் அது திருட்டு.

'அமெரிக்க அறக்கட்டளைப் பணம், வேறொரு டிரஸ்ட் வழியாக வருகிறது' என்றும் சிலரிடம் சொல்லியிருக்கிறார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வெளிநாட்டு நன்கொடைகளை ஒழுங்குபடுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டப்படி, வெளிநாட்டு நன்கொடையை வாங்கிய அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரக்கூடாது. அந்தப் பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய இடமும் தில்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைதான். அமைப்பின் எஃப்சிஆர்ஏ பதிவு எண்ணைக் கேளுங்கள். உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் சரிபார்க்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம் சாங்ஷன் ஆர்டர். நிதி தரும் நிறுவனம் ஆய்வுக்குப் பணம் ஒதுக்கிய ஆணை அது. திட்டத்தின் எண், தேதி, தலைமை ஆய்வாளர் பெயர், காலம், ஊழியர் சம்பளத்துக்கு எவ்வளவு, பயணத்துக்கு எவ்வளவு என்று தலைப்பு வாரியாக இருக்கும். உங்கள் பதவி 'மேன்பவர்' தலைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். காட்ட மறுத்தால், கடிதத்தில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு, அந்த நிறுவனத்தின் தளத்தில் உள்ள பொது எண்ணில் கூப்பிட்டு ஆராய்ச்சிப் பிரிவைக் கேளுங்கள். உண்மையான இடங்களில் இதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நிஜத் திட்டங்களிலும் சம்பளம் தாமதமாவது உண்டு. முந்தைய தவணைக்கான செலவுச் சான்று போகாமல் அடுத்த தவணை வராது; மார்ச், ஏப்ரலில் இந்தச் சிக்கல் அதிகம். மோசடிக்காரர்கள் இதையே சாக்காகச் சொல்லி மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் வீடு வீடாகக் கணக்கெடுக்க அனுப்புகிறார்கள். வித்தியாசம் எளிது: நிஜத் திட்டத்தில் சேர்ந்த தேதியிட்ட ஜாயினிங் ரிப்போர்ட்டும் வருகைப் பதிவும் நிறுவனத்திடம் இருக்கும். அசல் சான்றிதழைச் சரிபார்த்த கையோடு திருப்பித் தந்துவிடுவார்கள்.

பணம் போய்விட்டால் அன்றே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். 'எங்கள் எல்லை இல்லை' என்று சொல்லி எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது, எல்லை பார்க்காமல் எங்கேயும் பதியக்கூடிய ஜீரோ எஃப்ஐஆர் பதியச் சொல்லுங்கள். நகல் சான்றிதழ் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது பெரும்பாலும் போலீஸ் ஆவணம் கேட்பார்கள் என்பதால், அசல் சான்றிதழ்கள் போன விவரத்தையும் அதே புகாரில் ஒவ்வொன்றாக எழுதுங்கள்.