கிருஷ்ணகிரி வீட்டில் மிதக்கும் மரத்தரை: சத்தம் எங்கிருந்து வந்தது, எப்படி அடங்கியது

மேல்மாடிப் படுக்கையறைக்கு லேமினேட் மரத்தரை போட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. சித்திரை வெயில், ஐப்பசி மழை, மார்கழிக் குளிர் எல்லாவற்றையும் பார்த்துவிட்ட தரை. இரண்டாம் வருடத்திலிருந்து அது போட்ட சத்தத்தையும், அதை அடக்க என்ன செய்தோம் என்பதையும் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலகையில் குறை இல்லை. கீழே இருந்த சிமெண்ட் தரை மட்டமாக இல்லை, சுவரோரம் இடைவெளி விடவில்லை. இந்த இரண்டையும் சரிசெய்யாமல் மேலே எதைத் தடவினாலும் சத்தம் திரும்ப வரும்.

கிரானைட்டுக்குப் பேர்போன ஊரில் எதற்கு மரத்தரை என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. மார்கழி விடியற்காலையில் கல் தரையில் பாதம் பட்டாலே சுருக்கென்று மேலே ஏறுகிறது என்பார். அதற்காக அந்த ஓர் அறைக்கு மட்டும் போட்டோம். அந்த விஷயத்தில் இன்றுவரை முழுத் திருப்தி. செருப்பில்லாமல் நடக்கிறார்.

எங்களுடையது 8 மில்லிமீட்டர் பலகை. உள்ளே அழுத்திய மரத்தூள் நார், மேலே மரவரி அச்சிட்ட தாளும் தேய்மானம் தாங்கும் பூச்சும். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. ஒரு பலகை இன்னொன்றோடு பூட்டிக்கொண்டு, அறை முழுக்க ஒரே தகடாக, அடியில் விரித்த ஃபோம் என்ற மெல்லிய மெத்து விரிப்பின் மேல் படுத்திருக்கும். மரநார் என்பதால் காற்றில் ஈரம் ஏறினால் விரியும், வறண்டால் சுருங்கும். அந்தத் தகடு நகர இடம் வேண்டும். இடம் கிடைக்காத இடத்தில்தான் கத்துகிறது.

எல்லாச் சத்தமும் ஒன்றல்ல. அறை முழுக்க மெதுவாக நடந்து, சத்தம் வந்த இடத்தில் எல்லாம் சாக்பீஸால் குறி போட்டோம். காலை வைத்ததும் ‘தொம்’ என்று அமுங்கி எழும்பினால் கீழே பள்ளம். ‘கிறீச்’ என்றால் பூட்டும் பூட்டும் உரசுகிறது. ‘நறநற’ என்றால் ஃபோமுக்கு அடியிலோ பூட்டுக்குள்ளோ மண். யாரும் நடக்காத நேரத்தில் ‘டக்’கென்று வெடித்தால் தகடு எங்கோ மாட்டிக்கொண்டு விடுபடுகிறது. எந்த மாதத்தில் வருகிறது என்பதையும் கவனியுங்கள். மழைக்காலத்தில் மட்டும் சுவரோரம் வந்தால் இடைவெளிக் கோளாறு. வருடம் முழுக்க ஒரே இடத்தில் வந்தால் அடித்தரைக் கோளாறு. எங்கள் அறையில் இரண்டும் இருந்தன.

தரை போட்டுக்கொடுத்தவர்கள் வந்து பார்த்துவிட்டு, இடுக்குகளில் டால்கம் பவுடர் தூவி, “செட் ஆயிடும் சார்” என்று போய்விட்டார்கள். பவுடர் கொஞ்ச நாள் தாங்கியது உண்மை. பலகையில் ஓட்டை போட்டுப் பசை ஏற்றலாம் என்று இன்னொருவர் சொன்னதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. மிதக்க வேண்டிய தரையை ஓரிடத்தில் ஒட்டிவிட்டால் மற்ற இடமெல்லாம் இழுக்கும்.

கடைசியில், நிலை கதவு வேலைக்கு வழக்கமாக வரும் ஆசாரியைக் கூப்பிட்டோம். மரத்தரை அவருக்குப் புதிது, மரம் புதிதல்ல. முட்டி போட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இது பலகை சத்தம் இல்லைங்க. மொதல்ல ஸ்கர்ட்டிங்கைக் கழட்டுவோம்” என்றார். சுவரடியில் ஓடும் அந்த ஓரப்பட்டையைக் கழற்றியதும் விஷயம் தெரிந்தது. மூன்று பக்கம் இடைவெளி சரி. பால்கனிப் பக்கச் சுவரில் பலகை பூச்சோடு முட்டிக்கொண்டிருந்தது. கதவு நிலையைச் சுற்றி ஒரு நூல்கூட இடமில்லை. போதாததற்குக் கதவு ஸ்டாப்பரைப் பலகையைத் துளைத்துச் சிமெண்ட் வரை திருகியிருந்தார்கள். அந்த ஒரு திருகாணி தகடு முழுவதையும் அறைந்து வைத்தது மாதிரிதான். ஸ்டாப்பரைக் கழற்றிச் சுவருக்கு மாற்றினோம். சுவரோரமும் நிலையோரமும் மல்ட்டி டூல் என்ற சிறிய மின் அறுப்புக் கருவியால் 10 மில்லிமீட்டர் அறுத்தார். ஸ்கர்ட்டிங்கைத் திரும்ப அடிக்கும்போது ஆணி சுவருக்குள்தான் போக வேண்டும். பலகையை அமுக்கவும் கூடாது. கனமான இரும்பு பீரோ ஒரு சுவரோரமும் கட்டில் எதிர்ச்சுவரோரமும் இருந்து தகட்டை இரண்டு முனையிலும் அழுத்தின. பீரோவைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டோம். ‘டக்’ சத்தம் அந்த வாரமே அடங்கியது.

‘தொம்’ சத்தத்துக்குத்தான் நிஜமான வேலை. சுவரோரத்திலிருந்து ஒவ்வொரு வரிசையாகப் பூட்டைத் திறந்து, பின்பக்கம் மார்க்கரால் எண் எழுதி அடுக்கினோம். எண் போடாமல் கழற்றினால் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு. பழைய சிமெண்ட் தரைமேல் ஆறரை அடி அலுமினியப் பட்டியை வைத்து அடியில் ஏடிஎம் கார்டை நுழைத்துப் பாருங்கள். ஒரு கார்டின் கனம் 0.76 மில்லிமீட்டர். நான்கு கார்டு சேர்ந்து நுழைந்தால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். 2 மீட்டருக்கு 3 மில்லிமீட்டர் என்பதுதான் பொதுவாக வைக்கும் வரம்பு. எங்கள் அறை நடுவில் அதைத் தாண்டிய பள்ளம், அதை ஒட்டி வயரிங் பைப்பைப் புதைத்துப் பூசிய மேடு. மேட்டின் விளிம்பில் நடந்த ஒவ்வொரு முறையும் பலகை ஊஞ்சலாடியிருக்கிறது. அங்கே மட்டும் மூன்று பலகைகளின் பூட்டு நாக்கு உடைந்திருந்தது.

மேட்டைக் கிரைண்டரால் தேய்த்து, பள்ளத்தில் தானே பரவி மட்டமாகும் செல்ஃப் லெவலிங் கலவை ஊற்றி, பையில் போட்டிருந்த நேரத்துக்கும் மேலாகவே காய விட்டோம். பழைய ஃபோமுக்கு அடியில் அள்ளி எடுக்கும் அளவுக்குக் கல்தூசு. தெருவில் கிரானைட் அறுக்கும் ஊரில் இது எப்படியும் வரும். வாக்குவம் போட்டு இழுக்காமல் ஃபோம் விரிக்கவே கூடாது. புது ஃபோம் 2 மில்லிமீட்டர், அடர்த்தியானது. மெத்தென்று இருக்கட்டும் என்று இரண்டு அடுக்கு போடச் சொல்வார்கள். கேட்காதீர்கள். அடியில் மெத்தை கூடக் கூடப் பலகை அதிகம் வளையும், பூட்டு சீக்கிரம் உடையும்.

தரைத்தளத்தில் போடுபவர்களுக்கு ஈரமும் ஒரு கவலை. ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளை வெறும் சிமெண்ட் தரையில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒருநாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ சிமெண்ட் கருத்திருந்தாலோ அப்போதைக்கு வேலையைத் தொடங்க வேண்டாம்.

இன்றைய நிலவரம்: பால்கனிக் கதவோரம் சித்திரை வைகாசியில் மட்டும் மெல்லிய ‘கிறீச்’ ஒன்று உண்டு. மேற்கு வெயில் நேராக விழும் இடம். திரை போட்டால் குறைகிறது. மற்றபடி ராத்திரி அம்மா எழுந்து நடந்தால் பக்கத்து அறைக்குக் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றிக் கழுவும் வழக்கத்தை இந்த அறைக்கு மட்டும் விட்டுவிட்டோம். பிழிந்த துணியால் துடைப்பதோடு சரி. தண்ணீர் நின்றால் பலகை ஓரம் உப்பிவிடும், உப்பியது திரும்ப இறங்காது. அதனால் கூடத்துக்கும் சமையலறைக்கும் இந்தத் தரையை நான் சொல்லமாட்டேன்.

புதிதாகப் போடப் போகிறவர்கள், அடித்தரையை மட்டம் பார்த்துச் சரிசெய்வதைத் தனி வேலையாகக் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். பலகைப் பெட்டிகள் வந்த அன்றே விரிக்க விடாதீர்கள். பிரிக்காமல் அதே அறையில் குறைந்தது 48 மணி நேரம் படுக்க வையுங்கள். மிச்சமான பலகைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். எங்களுக்கு உடைந்த மூன்றுக்கும் மாற்று அந்த மிச்சப் பெட்டியில்தான் கிடைத்தது. அதே டிசைன் கடையில் நின்றுபோயிருந்தது. பரண்மேல் போட்டால் வெயில் சூட்டில் வளைந்துவிடும் என்பதால் கட்டிலுக்கு அடியில் படுக்கை மட்டமாக வைத்திருக்கிறோம்.