குடியிருக்க வடவள்ளியா, திருவெறும்பூரா?

வெயிலை வைத்துப் பார்த்தால் கோவை வடவள்ளிக்குத்தான் என் ஓட்டு. கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அதோடு ஜூன் பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கொடியில் காயும் சட்டையைக் கிளிப்போடு பிடுங்கிக்கொண்டு போய்விடும், சாரலும் கூடவே வரும். திருச்சி திருவெறும்பூர் 100 மீட்டருக்கும் கீழே. கத்திரியில் 40 டிகிரி சாதாரணம், ராத்திரி பத்து மணிக்கும் மொட்டைமாடித் தரை காலைச் சுடும், டேங்க் தண்ணீரில் குளிக்கவே முடியாது. ஆடிக்காற்று அங்கேயும் உண்டு, ஆனால் பெரும்பாலும் புழுதிதான். பெருமழை என்றால் இரண்டு ஊருக்கும் ஐப்பசிதான். மார்கழிக் காலையில் வடவள்ளியில் ஸ்வெட்டரைத் தேடுவோம், திருவெறும்பூரில் ஒரு போர்வை போதும். சரி, வத்தல் வடகம் போடுகிறவர்களுக்கு மட்டும் திருச்சி வெயிலை அடித்துக்கொள்ள ஆளில்லை, இரண்டே நாளில் சலசலவென்று காய்ந்துவிடும்.